‘ஸ்திரீயே’ என்றால் எழுந்து நிற்பேன்

அச்சில் ஏறிய எழுத்தை அப்படியே ஒப்புக்கொள்ளாத மனிதர் திருச்சி ஜில்லாவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பாலக்கரையில் நாங்கள் வேலை பார்த்த லாரி ஆபீசில் நான் புக்கிங் கிளார்க், அவர் டெலிவரி கிளார்க். அதாவது, நான் தப்பான ஊருக்கு அனுப்பிவைக்கும் மூட்டைகளை அவர் தேடிக் கண்டுபிடிப்பார். நயா பைசா வந்த புதிது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ‘மூலபாஷை’.

எதைக் காட்டினாலும், “மூலபாஷையில அப்படி இல்லைங்களே!” என்பார். ஆபீஸ் சுவரில் ‘புகை பிடிக்காதீர்’ என்று ஒரு போர்டு. அதன் கீழே நின்றுகொண்டு, “புகையை யாருங்க பிடிக்க முடியும்? கைக்குள்ள நிக்குமா அது? இங்கிலீஷ்ல பிடிக்கிற பேச்சே கிடையாதுங்க!” என்று அரை மணி நேரம் வாதாடுவார். லாரி டிரைவர்கள் சுற்றி நின்று, வாதத்தை ரசித்தபடி பீடி பிடிப்பார்கள்.

பாதிரியார் ஆவதற்காக வேதசாஸ்திரக் கல்லூரியில் சேர்ந்து, பேராசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் திரும்பியவர் அவர். கையோடு கொண்டுவந்தது கொஞ்சம் கிரேக்கமும் நிறையப் பிடிவாதமும். ஒரு தடவை மானேஜரிடம் போய், “சார், மூலத்துல ஒரு சந்தேகம். அரை நாள் லீவு வேணும்” என்றார். மானேஜர் இளகிய மனசுக்காரர். “உக்காந்தே பாக்கிற வேலை, வரத்தான் செய்யும். கருணைக்கிழங்கு சாப்பிடுங்க” என்று சொல்லி முழு நாள் லீவே கொடுத்துவிட்டார்.

இந்தச் சண்டைகளுக்கெல்லாம் மூலச் சண்டை ஒன்று உண்டு. அது யோவான் சுவிசேஷத்தில் ஒரே ஒரு வசனம். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எனக்கு அதை விளக்க ஆரம்பித்தார்.

“கானாவூர்ல ஒரு கல்யாணம், ஐயங்காரே. இயேசுவும் போயிருக்காரு, அவங்கம்மாவும் போயிருக்காங்க. பாதி விருந்துல திராட்சரசம் தீந்து போச்சு. அம்மா வந்து மகன் காதுல சொல்றாங்க...”

“அடடா! மோரை ஊத்திச் சமாளிக்க வேண்டியதுதானே?” என்றேன்.

எங்கள் ஸ்ரீரங்கத்தில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். சாத்தமுதில் திராட்சை போடுகிற தேசமும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது மது என்று அவர் சொன்னதும் தயிர்சாதம் தொண்டையிலேயே நின்றது.

“அதுக்கு மகன் சொன்ன பதில் தமிழ்ல எப்படி அச்சாகியிருக்கு தெரியுமா? ‘ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன’ன்னு! பெத்தவளைப் பாத்து எவனாவது ஸ்திரீயேம்பானா?”

“மூலபாஷையில எப்படி?” என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது. அன்றைய டெலிவரி அத்தோடு நின்றது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பெண் என்றுதான் அர்த்தமாம். ஆனால் அந்தக் காலத்தில் ராணியைக்கூட மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சிலுவையில் உயிர் போகிற நேரத்தில், தாயைச் சீடனிடம் ஒப்படைக்கும்போதும் இயேசு அதே சொல்லால்தான் கூப்பிட்டாராம். “அந்த நேரத்துல எந்த மகனாவது அம்மாவை மரியாதையில்லாம பேசுவானா, சொல்லுங்க” என்றார். ‘எனக்கும் உனக்கும் என்ன’ என்பது யூதர்களின் பழைய பேச்சுவழக்காம். சொல்லுக்குச் சொல் கிரேக்கத்தில் ஏறி, அப்படியே தமிழில் இறங்கிவிட்டதாம்.

“முக்கொம்புல ஒரே தண்ணிதாங்க. இந்தப் பக்கம் வந்தா காவேரி, அந்தப் பக்கம் போனா கொள்ளிடம். சொல்லும் அப்படித்தான், எந்தப் பக்கம் வந்திருக்குன்னு பாக்கணும்” என்றார்.

இரண்டுக்கும் நடுவில் பிறந்தவன் நான். சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? மறுநாள் காலை அடுக்களை வாசலில் நின்று என் அம்மாவிடம், “ஸ்திரீயே, காப்பி!” என்றேன்.

“என்னடா சொன்னே?”

“மரியாதையான வார்த்தைம்மா. ராணியையே அப்படித்தான்...”

“அப்போ அந்த ராணியாத்துலயே போய்க் காப்பி சாப்பிடு!”

அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை. மூலபாஷையின் கட்சிக்கு ஒரு தொண்டன் கிடைத்தான்.

இதில் வேடிக்கை எனக்குத்தான், அவருக்கு வினை. அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு அந்தக் கானாவூர்ப் பகுதியை வாசிப்பது வழக்கம். பெண் வீட்டில் கால் வைத்ததுமே இவர், “என் கல்யாணத்துல அம்மான்னுதான் வாசிக்கணும். ஸ்திரீயேன்னா எழுந்து நிப்பேன்” என்பார். ஸ்கூட்டர் கேட்டிருந்தாலாவது யோசித்திருப்பார்கள். இரண்டு சம்பந்தம் இப்படி முறிந்தது. தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. புருஷனை இழந்து இவர் ஒருவரையே நம்பியிருந்த அவர் அம்மா என்னிடம், “தம்பி, அந்தம்மாவுக்காக இவன் சண்டை போடறான், சரி. இந்தம்மாவுக்கு ஒரு மருமக வேண்டாமா?” என்றார்.

மூன்றாவதாக, தென்னூரில் ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டரின் பெண். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். என் நெற்றி நாமத்தைப் பார்த்த ஹெட்மாஸ்டர், “எங்கள்ல ஜாதகம் பாக்கிறதில்லைங்களே” என்று வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார். எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்தோம். மூலபாஷை நிபந்தனையைச் சொன்னார்.

“எழுதினது எழுதினதுதான் தம்பி” என்றார் ஹெட்மாஸ்டர்.

“அது பிலாத்து சொன்னதுங்க!”

இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த அதிகாரிதான் பிலாத்து. பெண் பார்க்க வந்த வீட்டில் மாமனாரை அவனோடு சேர்த்துவைத்த மாப்பிள்ளை உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. என் செருப்பை எங்கே விட்டேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஹெட்மாஸ்டர் அசரவில்லை. “மூலம் மூலம்ங்கிறீங்களே, மூலத்துல தாய்னா இருக்கு? பெண்ணுன்னுதானே இருக்கு? அப்போ மூலத்தை மாத்தறது யாரு, நானா நீங்களா?”

மூன்றாவதும் போயிற்று என்று மூலபாஷையின் அம்மா மெல்ல எழுந்தார். ஹெட்மாஸ்டர் பதறிவிட்டார். அவருக்குச் சண்டை மாப்பிள்ளையோடுதானே!

“அம்மா, உக்காருங்கம்மா, காப்பி வந்துடும்.”

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. “அப்பா, இப்ப அவங்களை என்னன்னு கூப்பிட்டீங்க?”

“அம்மான்னு.”

“அவங்களா உங்களைப் பெத்தாங்க?”

ஹெட்மாஸ்டர் உள்கதவுப் பக்கம் திரும்பினார்.

“நாம மரியாதைக்கு யாரையும் அம்மாங்கிறோம். அவங்க ஊர்ல மரியாதைக்கு அந்த வார்த்தை. இதுல யாருப்பா எதை மாத்தறாங்க?”

மூலபாஷை அந்தக் கதவைப் பார்த்த பார்வையில் கிரேக்கமே மறந்துபோயிருக்கும். கல்யாணம் நிச்சயமாயிற்று, வசனம் ஆகவில்லை. “பொண்ணைத் தரேன், வசனத்தைத் தரமாட்டேன். வாசிக்கப் போறது நான்தான்” என்றார் ஹெட்மாஸ்டர். “வாசிங்க மாமா, நான் எழுந்து நிப்பேன்” என்றார் மாப்பிள்ளை.

கல்யாணத்துக்குப் போனேன். அவர்கள் பாதிரியாரை ஐயர் என்பார்கள். ஓர் ஐயருக்கு முன்னால் ஓர் ஐயங்கார் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. தாலி இன்னும் கட்டியாகவில்லை. எழுந்து நின்றால், சபை நடுவில் மாமனாரை அவமானப்படுத்தியவர் என்று பெயர் வரும். கல்யாணமே நின்றாலும் நிற்கும். உட்கார்ந்திருந்தால், இத்தனை வருஷம் அவர் போட்ட சண்டையெல்லாம் வெறும் வாய்ச்சவடால்.

ஹெட்மாஸ்டர் கணீரென்று வாசித்துக்கொண்டே வந்து, ‘அதற்கு இயேசு’ என்று நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“ஸ்திரீயே” என்றார்.

மூலபாஷை எழுந்து நின்றார்.

முன் பெஞ்சிலிருந்து அவர் அம்மா, “டேய், உக்காருடா!” என்று அதட்டினார்.

“நீ சும்மா இரும்மா! இது எனக்கும் மாமாவுக்கும். இதுல உனக்கென்னம்மா?”

சொல்லிவிட்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். கானாவூர்க் கல்யாணத்தில் அந்த மகன் எந்தக் குரலில் பேசியிருப்பார் என்று சபை மொத்தத்துக்கும் விளங்கிவிட்டது. எனக்கே விளங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “மாப்பிள்ளே, இப்ப அம்மாவை மரியாதையில்லாமயா பேசினீங்க?”

“ஐயையோ, இல்லைங்க மாமா!”

“அவங்க சொன்னதைச் செய்வீங்களா, மாட்டீங்களா?”

“அம்மா சொன்னா செய்யாம இருக்க முடியுங்களா?”

“அந்த மகனும் அப்படித்தான். உனக்கென்னன்னு கேட்டுட்டு, அம்மா ஆசைப்பட்டபடி தண்ணியைத் திராட்சரசமா மாத்திக் கொடுத்தாரு. உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வசனத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அச்செழுத்தின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, “அம்மா” என்று வாசித்தார். மணப்பெண் முக்காட்டுக்குள் குனிந்து சிரித்தாள். ஐயர் எதுவும் காதில் விழாதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மூலபாஷைக்கு மதுரையில் வேறு வேலை கிடைத்தது, குடும்பத்தோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் தங்கமான மனுஷர். மண்ணச்சநல்லூர் அரிசி மூட்டைக்கு நான் எந்த ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தாலும், “சரிங்க சார்” என்று வாங்கிக்கொள்வார். எதிரே உட்கார்ந்து ‘அப்படி இல்லைங்களே’ என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.