மீன்காரம்மாவின் ஆட்சேபணை

நகராட்சிக் கூடத்தில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. கோழிச் சோற்றுப் பெட்டிகளும் வந்து இறங்கிவிட்டன. பொதுமக்கள்தான் வரவில்லை.

ஆண்களே பெண்வேடமும் கட்டும் ஜாவாவின் லூத்ருக் நாடகக் குழுவுக்கு மானியம் தரலாமா என்று மக்களிடம் கேட்கும் கூட்டம். மக்கள் இல்லாவிட்டால் செல்லாது. கலாசாரப் பிரிவு அதிகாரி வாசிதோ மழையைப் பார்த்தபடி நின்றார். மானியம் வந்தால் குழுவுக்குத் தங்குமிடம் கிடைக்கும். தங்குமிடம் கிடைத்தால், கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டு முன்னறையில் குடியிருக்கும் மனைவியின் தம்பியும் குழுவின் நடிகனுமான கம்சூரி, தன் சவுரிமுடிகளோடு அங்கே போய்விடுவான். வாசிதோவின் கலை ஆர்வம் அவ்வளவுதான். ஆனால் ஆழமானது.

கைப்பேசியை எடுத்தார்.

"மச்சான், உங்க குழுவைக் கூட்டிட்டு வா. பொதுமக்களா உக்காரணும்."

"சாப்பாடு உண்டா மாமா?"

"உண்டு, வந்து தொலை."

வந்தார்கள். எல்லோரும் மானியம் வேண்டும் என்றார்கள். நகராட்சி மன்றத் தலைவர் ஹர்தோயோ கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வாசிதோ, ஒருத்தர்கூட எதிர்க்கல? ஏற்பாடு பண்ண கூட்டம் மாதிரி இருக்கே. அடுத்த வாரம் திரும்ப வைங்க."

வாசிதோ வீட்டுக்கு வந்து கம்சூரியிடம் சொன்னார்: "உங்கள்ல யாராவது ஒருத்தர் லேசா எதிர்த்துப் பேசுங்கடா."

குழுவில் பெண்வேடம் கட்டுபவன் கம்சூரி. மறுவாரம் பூப்போட்ட கபாயாச் சட்டையும் இடுப்பில் மீன்கூடையுமாக வந்தான்.

"ஒரு தூறலுக்கே எங்க தெருச் சாக்கடை பொங்குது. இவனுங்க உதட்டுச் சாயத்துக்கு நான் வரி கட்டணுமா?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான். மன்ற உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

"லேசாத்தானேடா சொன்னேன்!"

"லேசா அழ எனக்கு வராது மாமா."

அடுத்த கூட்டத்துக்குக் கம்சூரியை வீட்டிலேயே பூட்டிவைத்தார். ஹர்தோயோ கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த மீன்காரம்மா எங்க? பாதிக்கப்பட்டவங்க இல்லாம முடிவெடுக்கறது முறையில்ல."

மறுபடி ஒத்திவைப்பு.

அதற்கடுத்த முறை மீன்காரி மனம் மாறி வந்தாள். வசனம் வாசிதோவுடையது. "சாக்கடை கிடக்கட்டும் ஐயா, கலை வாழணும்" என்று அவள் விசும்ப, கேள்விப்பட்டு வந்து கூடத்தை அடைத்திருந்த நிஜப் பொதுமக்கள் கைதட்டினார்கள். முறைக்காக, ஒல்லி நடிகர் ஒருவர் அளவாக எதிர்த்தும் வைத்தார். எந்தக் குறையும் இல்லை. முன்னறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று வாசிதோ யோசிக்கத் தொடங்கினார்.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஜாவாவில் தலைவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வாசிதோவின் அப்பாவும் கேட்டதில்லை. அன்று அவர் வாசலுக்குப் போய் ஹர்தோயோவை மறித்தார்.

"ஐயா, இன்னும் என்னதான் குறை?"

ஹர்தோயோ குடையை விரித்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குறை ஒண்ணுமில்ல. மானியம் குடுத்தா வருஷத்துக்கு ஒரு நாடகம், ஒத்திவச்சா வாராவாரம். அடுத்த தடவை உங்க மச்சானைப் பழையபடி திட்டவே சொல்லுங்க, என் வீட்டுக்காரியும் வரா."