நாலு விரல் முனி

"ஏம்மா, பேய்க்குக் காலே கெடையாதுன்னு சொன்னியே. அப்புறம் எப்பிடிம்மா அது உன்னை எட்டி ஒதைச்சுது?"

ஆறு வயசு இசைவாணி இதைக் கேட்டது பாவாடை சாமியாரின் கொட்டகை வாசலில், நூறு பேர் நின்ற வரிசையில். அவளுடைய அம்மா ஜெயசுதா அவசரமாகப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பொத்திய கையின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதையும் முனிதான் முறுக்கியதாம்.

ஜெயசுதாவுக்குத் துணையாக வந்திருந்த தைலம்மாள் மட்டும் அந்தக் கேள்வியை மனசில் பத்திரமாக முடிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள் அவள். ஊர் மகளிர் மன்றத்தின் தலைவியும் அவள்தான். மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே அறை, ஓட்டுக் கூரை, ஓடாத ஒரு தையல் மிஷின். சாவி தைலம்மாளின் இடுப்பில்.

நைனார்பாளையத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் அந்த வருஷம் மழையைப் பற்றிய பேச்சைவிடப் பாவாடை சாமியாரைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம். கல்வராயன் மலையில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தாராம். ஒரு புலி வந்து காலடியில் படுத்ததாம். எழுந்து போகும்போது பிரசாதமாக அவருடைய வலது கால் சுண்டுவிரலை வாங்கிக்கொண்டு போனதாம். மீதி நாலு விரல் கொண்ட அந்தப் பாதத்தைச் சாமியார் ஒரு மணையின் மேல் மஞ்சள் துணி விரித்து வைத்திருப்பார். வருகிறவர்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒரு மனுஷனின் பாதத்தை அத்தனை கிட்டத்தில், அத்தனை தடவை பார்த்த ஊர் வேறெங்கும் இருக்காது.

சாமியாரின் வைத்தியம் சுலபமானது. பெண்டாட்டி உடம்பில் காயம் இருந்தால் அது முனி அடி. கன்னத்தில் விரல் பதிந்திருந்தால் முனி அறைந்தது. முதுகில் பெல்ட்டுத் தடம் இருந்தால் முனி நாகபாசம் வீசியது. எலுமிச்சம்பழத்தை அறுப்பார், சிவப்பாக ஒழுகும், சந்தேகம் தீர்ந்தது. கத்தியில் தடவியிருந்த செம்பருத்திச் சாறை யாரும் துடைத்துப் பார்க்கவில்லை. காணிக்கை ஒரு சேவல். அடித்த பாவத்தை ஒரு சேவல் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றால் எந்தப் புருஷனுக்குத்தான் பக்தி பொங்காது?

ஜெயசுதாவின் புருஷன் சின்னதுரைக்குப் பொங்கி வழிந்தது.

"நான் பாட்டுக்குக் குடிச்சிட்டுத் தூங்கிக்கினு இருந்தேன் சாமி. காலையில பாத்தா இவ மூஞ்சி இப்பிடிக் கீது."

"நீ தூங்குற நேரம் பாத்துத்தாண்டா வருது. மகா கெட்டிக்கார முனி."

தைலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தொண்டையில் ஒரு முள்ளும் உறுத்தியது. ஏனென்றால் சாமியார் யார் என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், புருஷன் உடைத்த நெற்றியோடு ஓடி வந்து சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் கொட்டுகிற மழையில் நின்றாள். அங்கே ஓரமாக உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒருவன் அவள் நெற்றியைப் பார்த்தான். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. கம்பி கட்டி முடித்த ஒரு குடையை எடுத்து நீட்டினான். "பொறவு வந்து குடு, போ" என்றான். அப்போது அவன் காலில் கட்டுப் போட்டிருந்தது. சைக்கிள் செயினில் சிக்கிச் சுண்டுவிரல் போய்விட்டதாகப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மறுவாரம் குடையைக் கொடுக்கப் போனபோது ஆள் இல்லை. பிறகு புருஷன் செத்து, தைலம்மாள் தான் பிறந்த இந்த ஊருக்கே திரும்பி வந்து, குடை அவள் வீட்டு மூலையிலேயே இருந்துவிட்டது. ஒரு நாள் அந்தக் குடைக்காரனே காவி கட்டிக்கொண்டு மலைச் சாமியாராக வந்து இறங்கினான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கை நீட்டி வாங்கியவள் எப்படி வாயைத் திறப்பாள்? பிரதோஷத்துக்குப் பிரதோஷம் திருநாவலூர் சிவனிடம் மட்டும் சொல்லிப் பார்த்தாள். அவரும் வாயைத் திறக்கவில்லை.

புரட்டாசியில் இடஒதுக்கீட்டு மறியல் வந்தது. சாலையோரத்துப் புளிய மரங்கள் வெட்டுப்பட்டு ரோட்டின் குறுக்கே விழுந்தன. பஸ் நின்றது. ஊர் ஆம்பளைகள் மொத்தமும் லாரியில் ஏற்றப்பட்டு ஜெயிலுக்குப் போனார்கள். பெண்கள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடுதான் போனார்கள்.

எட்டு நாள் ஊரில் பெண்களும் பிள்ளைகளும்தான். அந்த எட்டு நாளும் அடிபட்டு ஓடி வந்து மன்றத்துக் கதவை யாரும் தட்டவில்லை. ஜெயசுதாவின் மணிக்கட்டு வற்றி, கண்ணாடி வளையல் ஏறியது. கொட்டகையில் பாவாடை சாமியார் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுவதற்குப் பேய் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஆம்பளைகள் மாலையும் கழுத்துமாகத் திரும்பினார்கள். பத்தாம் நாள் மூன்று பெண்களுக்கு முனி அடி. ஜெயசுதாவுக்கு உதடு கிழிந்திருந்தது.

எலுமிச்சம்பழம் என்றைக்கும் இல்லாத அளவு சிவப்பாக ஒழுகியது. "இது சின்ன முனி இல்ல. அமாவாசையன்னிக்கு இவளை மலைக்கு இட்டுக்கினு போயி, நாப்பத்தெட்டு நாளு சங்கிலியில கட்டி, ஒரு வேளைக் கஞ்சியில வெக்கணும்" என்றார் சாமியார். சின்னதுரை தலையாட்டினான். ஜெயசுதா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் தைலம்மாளின் தொண்டை முள் நகர்ந்தது. ஒரு குடைக்காக ஒரு பெண்ணைச் சங்கிலியில் கட்ட விடலாமா?

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. தைலம்மாள் எழுந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகங்க."

"கேளும்மா."

"எட்டு நாளு ஆம்பளைங்க ஜெயில்ல இருந்தாங்க. ஒரு பொம்பளைக்கும் அடி வுழல. முனியும் மறியலுக்குப் போயிருந்துச்சுங்களா?"

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. சாமியார் கண் இமைக்கவில்லை. "பின்ன? புள்ளைங்களுக்குக் காவலா ஜெயில் வாசல்லயே நின்னுச்சு!"

"அடடா!" என்று சின்னதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அதான் அங்க கொசு கம்மியா இருந்துச்சு!"

"ரொம்ப நல்லதுங்க" என்றாள் தைலம்மாள். "அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் கீது. அதுவரைக்கும் அடிபட்ட பொண்ணுங்க மன்றத்துல எங்களோட படுக்கட்டும். ஆம்பளைங்க அவங்கவங்க வூட்டுல இருக்கட்டும். முனி புடிச்சது பொண்ணுங்களத்தானே? மன்றத்துக்கே வந்து அடிக்கட்டும். யாரு மேலயாவது ஒரு கீறல் வுழுந்தா, ஜெயசுதாவ நானே மலைக்கு இட்டுக்கினு வரேன்."

"வரும்!" என்று உடுக்கையைத் தட்டினார் சாமியார். "மூணாம் ராத்திரி வரும்! கூரை ஓடு ஒடையும்! பாத்துக்கினே இரு!"

"அப்பிடியே ஆவட்டும்" என்றார் ஊர்ப் பெரியவர் நாராயணசாமி. அவர் வீட்டுச் சேவலும் இரண்டு போயிருந்தது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இருட்டியதும் தைலம்மாள் சத்துணவு அடுப்பின் சாம்பலை இரண்டு கூடை அள்ளி வந்து, மன்றத்தைச் சுற்றி மாவு சலித்ததுபோலத் தூவினாள்.

"இன்னாத்துக்குப் பெரியம்மா இது?" என்றாள் இசைவாணி.

"நீ ஒரு கேள்வி கேட்டியே, அதுக்குப் பதில் எழுத சிலேட்டு ரெடி பண்றேன்."

விடிந்தபோது கூரையில் இரண்டு ஓடு உடைந்திருந்தது. உள்ளே ஒருத்தருக்கும் கீறல் இல்லை. ஊர் திரண்டது. சாமியார் உடுக்கையோடு வந்தார். "சொன்னனா இல்லியா? வந்துட்டுப் போச்சா?"

"வந்துச்சுங்க. கையெழுத்தும் போட்டுட்டுப் போயிருக்குது."

சாம்பலில் காலடிகள். கொட்டகைப் பக்கமிருந்து வந்து, சுவரோரம் நின்று, கொட்டகைப் பக்கமே திரும்பிப் போயிருந்தன. இசைவாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பெரியம்மா, இந்தப் பேய்க்குக் காலு கீது. சுண்டுவெரலுதான் இல்ல!"

யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாசக்கணக்கில் கண்ணில் ஒற்றிக்கொண்ட பாதம் ஆயிற்றே! கூட்டத்தில் நின்ற செல்லமுத்து என்பவன் பழக்கதோஷத்தில் குனிந்து அந்தத் தடத்தையும் தொட்டு ஒற்றிக்கொள்ளப் போனான். பெண்டாட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முனி என் ரூபத்துல வந்திருக்குது!" என்றார் சாமியார். குரல் கீச்சென்று போய்விட்டது.

"உங்க ரூபத்துலயே வர்ற முனிய உங்களால நிறுத்த முடியலியே. எங்க பொண்ணச் சங்கிலியில கட்டி இன்னாத்த ஓட்டுவீங்க?"

சின்னதுரை ஒரு கழியைத் தூக்கினான். "எத்தினி சேவலுடா குடுத்தேன் உனக்கு!"

"கைய எறக்கு" என்றாள் தைலம்மாள். "இந்த ஊர்ல அடி நிக்கணும்னுதான் இவ்வளவும். ஆமா, முனி இல்லன்னு ஆயிப்போச்சு. அப்ப இந்தப் பொண்ணு ஒதட்டக் கிழிச்சது யாரு?"

ஆம்பளைகள் சாம்பலைப் பார்த்தார்கள். ஜெயசுதா ஊர் முன்னால் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"இவருதான்."

அவளை அடுத்து இன்னொருத்தி கை நீட்டினாள். பிறகு மூன்றாமவள்.

"நியாயமான பங்கு கேட்டு ரோட்டை மறிச்சீங்க. சோறு கட்டிக் குடுத்தது நாங்க" என்றாள் தைலம்மாள். "இனிமே எந்த வூட்டுல அலறல் கேட்டாலும், தட்டும் கரண்டியுமா அந்த வாசலை மறிப்போம். அடி நிக்கிற வரைக்கும் தட்டுவோம். மன்றத்துக் கதவ எந்தப் பொண்ணுக்கும் பூட்ட மாட்டோம்."

நாராயணசாமி தொண்டையைக் கனைத்தார். "சரிதானேப்பா?" என்று கூட்டத்தைக் கேட்டார். சரியில்லை என்று சொல்ல ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை.

ஜெயசுதாவும் மகளும் மன்றத்திலேயே தங்கினார்கள். தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டதும் அது ஓட ஆரம்பித்தது. அதற்கு மூன்றாம் நாள் சின்னதுரை மன்ற வாசலில் ஒரு சேவலோடு வந்து நின்றான். கதவு திறக்கவில்லை. சேவல்தான் கூவியது. கடவுள் மனுஷனுக்குக் கொடுத்தது அறிவு. அதைக் கொஞ்சம் செலவு செய்தாலே அவருக்குப் பரம சந்தோஷம். சேவலை அவர் யாரிடமும் கேட்டதே இல்லை.

சாம்பலில் தடம் கண்ட அன்றைக்கே பாவாடையை ஊரார் வெளியே அனுப்பிவிட்டார்கள். மலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். மலைக்கு வழி அவனுக்குத் தெரியவில்லை. மூட்டையோடு சின்னசேலம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தான். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மறியலில் மரங்கள் போன ரோடு, ஒண்டுவதற்கு ஒரு நிழல் இல்லை.

தைலம்மாள் வீட்டு மூலையிலிருந்து குடையை எடுத்து, கிழிந்திருந்த இடத்தைத் தைத்தாள். சோளக்கொல்லை வழியாகக் குறுக்கே நடந்து அவனுக்கு முன்னால் ரோட்டை அடைந்தாள். ஓரமாக இழுத்துப் போட்டிருந்த புளிய மரத்தின் கிளையில் குடையை மாட்டினாள். தூரத்தில் அவன் வருவது தெரிந்ததும் கொல்லைக்குள் இறங்கிவிட்டாள்.

அந்தக் கம்பிக் கட்டு யார் கை வேலை என்று குடைக்காரனுக்குத் தெரியாமல் இருக்காது. மழை பிடித்துக்கொண்டது. தைலம்மாள் திரும்பிப் பார்க்காமல் நனைந்துகொண்டே நடந்தாள். மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டும்.