மூக்கரசி போட்ட மார்க்

சட்டையின் அக்குளில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள் மூக்கரசி. ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்று.

மூட்டை தூக்குகிற ஒருவர் வாரக்கணக்கில் துவைக்காமல் போட்ட சட்டை அது. போன வாரம் வந்த ஜலதோஷம், போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் முகர்ந்து பார்த்து மார்க் போடுவதுதான் அவள் வேலை. நாற்றம் கூடினால் மார்க்கும் கூடும். வியர்வைக்கென்று தனி நாற்றம் கிடையாது, அதைத் தின்கிற கிருமிதான் நாறடிக்கிறது; அதை விரட்ட இன்னொரு கிருமியைத் தெளித்தால் போதும் என்பது டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. தெளித்த சட்டை எது, தெளிக்காதது எது என்று சொல்லாமல் கலந்து கொடுப்பார்கள். மூக்கு போனால் வேலையும் போச்சு. கணவர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற நேரத்தில் இதைப் போய் யாரிடம் சொல்வது?

எதிரே சென்ட் அண்ணன், அதே சட்டையின் மறு அக்குளை முகர்ந்துகொண்டிருந்தார். சென்ட் கடையிலிருந்து வந்தவர். அவர் முகம் லேசாகச் சுளித்த மாதிரி இருந்தது. அவளும் சுளித்து எட்டு போட்டாள். அடுத்த சட்டைக்கு அவர் நெற்றியில் சுருக்கமே இல்லை. ஒன்று போட்டாள்.

மாலையில் இருவர் மார்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஓடி வந்தார். இப்படியொரு மூக்குப் பொருத்தத்தைத் தன் சர்வீசிலேயே பார்த்ததில்லையாம். தெளிக்காத சட்டைகூட நாறவில்லை என்று வருகிறதே என்று யாரோ இழுத்ததற்கு, இரண்டு மூக்கு ஒரே மாதிரிப் பொய் சொல்லுமா என்று வாயை அடைத்தார். கிருமி பக்கத்துச் சட்டைக்கும் தாவி வேலை செய்கிறது என்று கையோடு எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர், வேலை தேடி அலைந்த காலுறையைக் கழற்றி அவள் மூக்கில் பிடித்துப் பார்த்தார். அவருக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

மறுநாள் ஆய்வுக்கூடத்து டைரக்டரே வந்து, இருவருக்கும் நடுவில் திரை போடச் சொன்னார். திரை இருந்தால் காற்று வராது, காற்று இல்லாமல் வாசனை பிடிபடாது என்று எதையோ சொல்லிச் சமாளித்தாள் மூக்கரசி. அவள் முடிப்பதற்குள் சென்ட் அண்ணன் எழுந்து திரையைக் கழற்றியே விட்டார். தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றும் மார்க் அச்சாகப் பொருந்தியது. தாவும் கிருமியைப் பற்றி அடுத்த வாரமே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று டைரக்டர் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை. ஊர் உலகமே இதை நம்பித் தெளித்துக்கொண்டு, நெரிசலான பஸ்ஸில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்கப்போகிறது. அந்தப் பாவம் தனக்கு வேண்டாம், வேலை போனால் போகட்டும் என்று சென்ட் அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்கு வாசனையே தெரியல. நேத்தும் இன்னிக்கும் உங்க முகத்தப் பாத்துத்தான் மார்க் போட்டேன். டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன். உங்க மார்க்க மட்டும் வெச்சுக்கட்டும்."

சென்ட் அண்ணன் எழுந்துபோய்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"உக்காரும்மா. எனக்கு மூக்கு போயி ஆறு மாசமாச்சு. நான் உன் முகத்தப் பாத்துல்ல போட்டுட்டிருக்கேன்."