முன்கூட்டிய பழைய மாணவர்கள்

எங்கள் தீவில் உள்ள சாந்தா எபிஃபானியா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத சங்கம். ஒரு பெரும் புயலில் கல்லூரிக் கூரைகள் பறந்துபோனபோது மறுபடி வேய்ந்து கொடுத்தது அதுதான். அதற்கு நன்றியாக ஆட்சிக்குழுவில் ஒரு நாற்காலியை நிரந்தரமாகக் கொடுத்தார்கள். பிற்பாடு நிர்வாகம் மிகவும் வருந்தியது அந்த நன்றிக்காகத்தான்.

பல்கலைக்கழகத் தலைவர் எவாரிஸ்தோ பன்தோஹா கடலோர மைதானத்தை ஒரு ஓட்டல் கம்பெனிக்கு விற்க விரும்பினார். ஆட்சிக்குழுவில் ஒருவர் மறுத்தாலும் விற்க முடியாது. எங்கள் நாற்காலியில் இருந்தவர் பெர்பெத்துவா, பல் மருத்துவர். குழுவில் பாதிப்பேரின் வாயைத் திறந்து பார்த்தவர். ஆகவே அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் தானாகவே வாயை மூடிக்கொள்வார்கள். அவர் விற்கக் கூடாது என்றார்.

மறுவாரமே அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதன் பழைய மாணவர்களுக்கும் இடையிலான பாசப்பிணைப்பை முறைப்படுத்தும் பொருட்டு, தற்போதைய சங்கம் இனி பழைய மாணவர் சங்கமாகக் கருதப்பட மாட்டாது. நிர்வாகமே ஒரு சங்கம் நடத்தும்; ஆட்சிக்குழு நாற்காலியும் இனி அதற்கே. எங்கள் மண்டபத்துக்கும் பாசத்தோடு பூட்டுப் போட்டார்கள். நாங்கள் பெர்பெத்துவாவின் மருத்துவமனையில் கூடினோம். செயலாளர் என்ற முறையில் பல் பிடுங்கும் நாற்காலி எனக்குக் கிடைத்தது.

புதிய சங்கத்தில் யாரும் சேரவில்லை. எவாரிஸ்தோவும் எங்களோடு படித்தவர் என்பதால் அவர் ஒருவர் மட்டும் அதில் உறுப்பினர். தலைவர் தேர்தலில் போட்டியின்றி வென்றார். ஆனால் ஆட்சிக்குழு நாற்காலிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. தீவிர யோசனைக்குப் பிறகு நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது: இன்றைய மாணவர்கள் என்றைக்காவது பழைய மாணவர்கள் ஆகத்தான் போகிறார்கள், அதைத் தாமதப்படுத்துவது நிர்வாகத்துக்கு அழகல்ல. எனவே படித்துக்கொண்டிருக்கும் அனைவரும் முன்கூட்டிய பழைய மாணவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள்.

அடுத்த நாள் வகுப்புகள் காலியாகக் கிடந்தன. எவாரிஸ்தோவே மைதானத்துக்குப் போனார். கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த மரிவிக் என்ற நர்சிங் மாணவியிடம் காரணம் கேட்டார்.

"நாங்க படிச்சு முடிச்சவங்க சார். முடிச்ச பெறகு எதுக்குக் க்ளாஸு?"

கூட்டத்தில் கை தூக்கும் அளவுக்கு மட்டும்தான் அவர்கள் பழைய மாணவர்கள் என்று எவாரிஸ்தோ பொறுமையாக விளக்கினார். அப்படியே ஆகட்டும் என்று அவர்களும் கூடி, கை தூக்கி, மரிவிக்கை ஆட்சிக்குழுவுக்கு அனுப்பினார்கள்.

அவள் முதல் கூட்டத்திலேயே, "மைதானத்த விக்க வேணாம் சார். சாயங்காலம் நாங்க வேற எங்க போறது?" என்றாள்.

செய்தி கேட்டு நாங்கள் முழுப் பன்றியைச் சுட்டுக் கொண்டாடினோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்பலாம் என்று பெர்பெத்துவா கண் கலங்கினார். விருந்து முடிவதற்குள் மரிவிக்கே அங்கு வந்துவிட்டாள். விடுதி ஒழுகுகிறது, பூட்டிக் கிடக்கும் மண்டபத்தில் பிள்ளைகள் தங்கட்டும் என்று கேட்டாள்.

"அது பழைய மாணவர்களோட மண்டபம்மா," என்றார் பெர்பெத்துவா.

"நாங்களும் பழைய மாணவங்கதானே டாக்டரம்மா. எல்லாரும் உங்க சங்கத்துலயே சேந்துடறோம். அப்பறம் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கலாம்."

பெர்பெத்துவா இறைச்சித் தட்டைக் கீழே வைத்தார். எங்களை எண்ணிப் பார்த்தார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். எங்கள் தட்டுகளும் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்கின.

மறுநாள் அவர் எவாரிஸ்தோவின் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எவாரிஸ்தோ, நீ கண்டவங்களையெல்லாம் பழைய மாணவராக்கி வச்சிருக்க."

"தப்புதான் பெர்பெத்துவா. அவங்க அதை உண்மைன்னு நெனச்சுட்டாங்க."

அன்றே சமாதானம் ஆயிற்று. படிப்பை முடித்துப் பத்தாண்டு ஆகாத எவரும் பழைய மாணவர் அல்ல என்று இருவரும் ஒருமனதாகக் கண்டுபிடித்தார்கள். மரிவிக் வகுப்புக்குத் திரும்பினாள். இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. நாற்காலி பெர்பெத்துவாவுக்கு, மண்டபச் சாவி எங்களுக்கு. சங்கத்தின் பெயருக்கு முன்னால் 'சுதந்திர' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் பெருந்தன்மையோடு அனுமதித்தது. மைதானம் பற்றிய தீர்மானம் மறுபடி வந்த அன்று பெர்பெத்துவாவுக்கே பல்வலி. கூட்டத்துக்கு வர முடியவில்லை. வராதவர் மறுத்ததாக ஆகாது என்று எங்கள் விதிகளில் தெளிவாக இருக்கிறது.

ஆண்டுச் சந்திப்பை இப்போது அந்த ஓட்டலில்தான் வைத்துக்கொள்கிறோம். கடல் பார்த்த கூடம், நல்ல காற்று. பழைய மாணவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. சென்ற முறை சங்கத்தின் சுதந்திரத்தைப் பற்றி எவாரிஸ்தோதான் பேசினார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.