கூமாப்பட்டிக்கு அடியில் ஒரு கடல்

தன் வீட்டுக்கு வழி தெரியாமல் ஊருக்கெல்லாம் வழி வரைந்து கொடுக்கப் புறப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் என் மாடியில்தான் குடியிருந்தார். அவருக்குப் பெயர் என்னவோ இருந்தது. கட்டம் போட்ட தாள் இல்லாமல் அவர் கையை யாரும் பார்த்ததில்லை என்பதால் ராஜபாளையத்துக்கு அவர் கட்டம் சார்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப்பரீட்சை எழுதவில்லை. போர்வெல் வண்டியில் இரும்புக் குழாய் சுமக்கப் போனவன், பதினைந்து வருஷத்தில் இரண்டு ரிக் வண்டிக்கு முதலாளி ஆனேன். எண்பதுகளில் தென்காசி ரோட்டிலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் பூமியில் ஓட்டை போடவேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பேன். அது எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர். ‘அவிய கை வச்சா தண்ணி’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டது நான்தான் என்பது வேறு விஷயம்.

கட்டம் சார் ஒரு நூற்பு மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்தவர். மில்லுக்குப் புதுப் பெட்டி வந்ததும் பழையதைக் கழித்துக்கட்டினார்கள். மனுஷன் கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக அந்தப் பழைய பெட்டியைக் கேட்டு வாங்கினார், வேலையையும் விட்டார், என் ரிக் ஆபீஸ் மாடிக்குக் குடிவந்தார். தூசி ஆகாது என்று பெட்டிக்குக் கொசுவலை கட்டினார். கொஞ்ச நாளில் அவரும் கொசுவலைக்குள் போய்விட்டார். வீட்டம்மா பள்ளிக்கூட டீச்சர் என்பதால் அடுப்பு எரிந்தது.

தெருவில் நடந்தால் அடி எண்ணுவார். எண்ணுகிற மும்முரத்தில் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். டீச்சரம்மா மாடியிலிருந்து கைதட்டித் திருப்புவார்.

அந்த வலைக்குள் என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊரைப் பூராம் பெட்டிக்குள்ள ஏத்துறேன் அண்ணாச்சி. ஒரு கண்ணாடித்தாள்ல கண்மாய் வரைஞ்சதா வச்சுக்கோங்க. அதுக்கு மேல ஒரு தாள்ல ரோடு. அதுக்கு மேல ஒரு தாள்ல கிணறு. எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிட்டு, இந்தக் கண்மாய்க்குப் பக்கத்துல எத்தனை கிணறுன்னு கேட்டா, பெட்டி சொல்லணும்.”

“டீக்கடையில கேட்டாலே சொல்லுவானே சார்.”

“டீக்கடைக்காரர் செத்துப்போனா?”

“அவர் மகன் சொல்லுவான்.”

கட்டம் சார் பென்சிலைக் காதில் செருகினார். வலைக்குள் போய்விட்டார்.

இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் செல்போனில் ஊரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்களே, அதே ஜாதிச் சரக்கை இவர் அன்றைக்கே தனியாளாக எழுதிக்கொண்டிருந்தார் என்று பிறகு படித்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். நான் பார்த்தது, ஒரே ஒரு கிராமத்தை அச்சடிக்க அவருடைய பிரிண்டர் காலையிலிருந்து சாயங்காலம் வரை தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கத்தியதைத்தான். கடைசியில் வந்தது புள்ளியும் நட்சத்திரமும் நிறைந்த நீளத் தாள். நடுவில் கரண்ட் போய்விட்டால் அன்றைக்குப் பெட்டியில் ஏற்றிய ஊர் முழுக்க அழிந்துவிடும். மாடியிலிருந்து “வத்திராயிருப்பு போச்சு” என்று குரல் வரும். முதல் தடவை அதைக் கேட்ட என் டிரைவர், மாமியார் ஊராயிற்றே என்று பதறி எழுந்தான்.

ரோட்டை அளந்த கதை இன்னும் மோசம். சைக்கிள் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அந்தப் பக்கமாக வந்த தகரக்கடை காதர் பாய், பாவம், நல்ல மனுஷர், “என்ன சார், பஞ்சரா? ஏறிக்கோங்க, வண்டியில கொண்டுபோய் விடுதேன்” என்றிருக்கிறார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கட்டம் சார் சைக்கிளைத் திருப்பி ராஜபாளையத்துக்கே வந்து, மறுபடி முதலிலிருந்து தள்ள ஆரம்பித்தார். காதர் பாய் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார்.

கம்ப்யூட்டர் ஜாதகம் ஊருக்குள் பரவிய காலம் அது. மாடியில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, ஆளும் கட்டம் போடுகிறார் என்று கேள்விப்பட்டு ஒருவர் மகளின் பிறந்த நேரத்தோடு வந்துவிட்டார். இவர் ராஜபாளையம் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். இந்தக் கறுப்பு சனியா என்று அவர் கேட்க, அது சஞ்சீவி மலை என்று இவர் சொல்ல, மலையே குறுக்கே நிற்கிறதே, கல்யாணம் எப்படி நடக்கும் என்று அந்த மனிதர் என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கண் கலங்கினார். நான்தான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் என்னைத் தேடிக் கீழே இறங்கிவந்தார். நான் போட்ட போர்வெல் ஒவ்வொன்றும் எந்த இடம், எத்தனை அடி, எங்கே தண்ணீர் என்று சொல்லவேண்டுமாம். ஒரு போரில் இத்தனை அடி, இன்னொன்றில் இத்தனை அடி என்றால், நடுவில் இருக்கிற பூமிக்குள் என்ன இருக்கும் என்று பெட்டி ஊகித்து, தண்ணீர் என்றால் கறுப்பு, இல்லை என்றால் வெள்ளை என்று வரைந்து காட்டுமாம்.

படித்தவர் ஒருவர் நோட்டும் பென்சிலுமாக என் முன்னால் உட்கார்ந்து என் பேச்சை எழுதிக்கொள்வது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு மாதம், தினமும் காலையில், டீயும் வடையுமாகச் சொன்னேன். எங்கே கேட்டாலும் தண்ணீர்தான் சொன்னேன். தொழிலில் இருக்கிறவன் தோற்ற கதையைச் சொல்வானா? தண்ணீர் இல்லாத துளையிலிருந்து கல்தூள் வெள்ளையாகக் கிளம்பும்; எங்கள் தொழிலில் அதற்குப் புகை என்று பெயர். கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரம், கீழே யானை முதுகு மாதிரிப் பாறை. நான் அங்கே போட்டதில் பாதிக்குமேல் புகை. அதனாலேயே அந்த ஊருக்குக் கூடுதலாக அளந்தேன். நூற்றெண்பது அடியில் இரண்டு இஞ்சு தண்ணீர், பீறிட்டு அடித்தது, ரிக் நனைந்துவிட்டது என்றெல்லாம். கட்டம் சார் ஒரு தடவைகூட முகத்தை நிமிர்த்திச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. அப்படி ஒரு முட்டாளை நான் அதுவரை பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்துத் தாள்களை ஒட்டிக் கம்பளம் மாதிரி சுருட்டிக்கொண்டு கீழே வந்து விரித்தார். கூமாப்பட்டிப் பக்கம் மட்டும் தாள் கன்னங்கரேல் என்று இருந்தது.

“அண்ணாச்சி, கூமாப்பட்டிக்கு அடியில கடல் கெடக்கு.”

நான் வடையை விழுங்கினேன்.

அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி ஒரு சர்க்கார் ஆபீஸில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி, பாய் நெய்ய நல்ல டிசைன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதோடு போயிருந்தால் தொல்லை இல்லை. அதே ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்ற கூமாப்பட்டி வேலுச்சாமி தாளைப் பார்த்துவிட்டான். அவன் தென்னந்தோப்பு இரண்டு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தது. போட்ட இரண்டு போரும் புகை. கறுப்பிலேயே கறுப்பாக இருந்த இடம் அவன் தோப்பு.

மறுநாள் என் ஆபீஸுக்கு வந்து நின்றான்.

“கடைசியா ஒண்ணு போட்டுப் பாத்துருவோம் அண்ணாச்சி. மாட்டுச்சோடிக்கு வெலை பேசியாச்சு, வியாபாரி போர் எறங்குன மறுநா வந்து பிடிச்சிட்டுப் போறேங்கான். இதும் போச்சுன்னா தோப்பையும் குடுத்துட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான்.”

எனக்கென்ன? ரிக்காரனுக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி. தண்ணீர் வந்தாலும் அதே கூலி, புகை வந்தாலும் அதே கூலி. நாள் குறித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி தோப்புக்குள் நின்றது. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. வேலுச்சாமி சம்சாரம் முதல் தண்ணீர் பிடிக்கப் பித்தளைக் குடத்தைத் தேய்த்து மஞ்சள் வைத்துக் கொண்டுவந்திருந்தது. பாதி ஊர் கூடிவிட்டது. கட்டம் சார் தாளைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் தேங்காயை வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வேர்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு ஆழத்துல சார் வரும்?” என்று அந்தப் பொம்பளை கேட்டது.

“நூத்தி எண்பது அடி தாயி. பெட்டியில அப்படித்தான் விழுந்திருக்கு.”

அது நான் வடையைக் கடித்துக்கொண்டே சொன்ன நம்பர். அதை அந்தப் பொம்பளை குடத்தைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தது. சாமி பெயரைச் சொல்கிற மாதிரி.

கம்ப்ரஸரை ஓட்டட்டுமா என்று டிரைவர் கேட்டான். “ஏலே, செத்த நேரம் பொறு” என்றேன். கட்டம் சார் பக்கம் திரும்பினேன்.

“சார், அந்தத் தாளைச் சுருட்டுங்க.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“பக்கத்துத் தோப்புல நூத்தி எண்பதுல தண்ணின்னு சொன்னேம்லா. அது பொய். முந்நூறு வரைக்கும் போனேன். புகைதான்.”

வேலுச்சாமிதான் முதலில் வாயைத் திறந்தான்.

“அங்க புகைதான்னு எனக்கும் தெரியும்லா. பெட்டி எக்ஸ்ரே மாதிரி பூமிக்குள்ள பாத்துச் சொல்லுதுன்னுல்லா நெனச்சேன்.”

பெட்டி பூமிக்குள் பார்த்ததாக அவன் நினைத்தான். அது பார்த்தது என் வாயை.

கட்டம் சார் அழுவார், இல்லை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மனுஷன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“எத்தனையாவது அடியில பாறை தட்டுச்சு?”

“என்னது?”

“முந்நூறு வரைக்கும் போனேன்னீயள்லா. பாறை எதுல ஆரம்பிச்சது?”

என்னைக் கேசிங் பைப் மேல் உட்காரவைத்து, அந்தப் பாதி ஊருக்கு முன்னால், நான் தோற்ற துளைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நான் மறந்தமாதிரி தாண்டினால் கூட்டம் விடவில்லை. “எங்க சித்தப்பா காட்டுல போட்டதை விட்டுட்டாவ சார், எழுதிக்கோங்க” என்று ஒருத்தன். “அந்தப் புகையில எங்க மாடு ரெண்டு நா தும்முச்சு” என்று இன்னொருத்தன். இருபது வருஷம் சேர்த்த என் பெயர் ஒரு மத்தியானத்தில் காலி. என் டிரைவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். அவனுடைய தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

கட்டம் சார் முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். “தண்ணி இல்லாத எடந்தான் அண்ணாச்சி படத்துக்குக் கரை. கரையைச் சொல்லாம விட்டீய, அது கடலா நின்னுபோச்சு” என்றார். ஒரு திட்டுக் கிடையாது. இதற்குத் திட்டே தேவலை.

நாலு நாள், மூன்று கரண்ட் கட். ‘கூமாப்பட்டி போச்சு’ என்று மூன்று தடவை குரல் வந்தது. பிறகு புதுத் தாள் வந்தது. கடல் வற்றிவிட்டது. ஓடையை ஒட்டி மட்டும் நூல் மாதிரி ஒரு கறுப்பு. வேலுச்சாமியின் பழைய கிணறு அந்த நூலின்மேல் இருந்தது. போர் போடாதே, கிணற்றைத் தூர்வாரி ஒரு பத்தடி இறக்கிப் பார் என்றார் கட்டம் சார். அதற்கு மாட்டை விற்கவேண்டியதில்லை. தோட்டத்து ஆட்களே இறங்கி வெட்டினார்கள். சித்திரையிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாடு கட்டுத்தறியிலேயே நின்றது. தோப்பு தப்பித்தது. போட்ட மாலை வாடாமல் என் ரிக் வண்டி அந்த வெள்ளிக்கிழமையே திரும்பி வந்திருந்தது. என் வாயாலேயே என் வேலையைக் கெடுத்துக்கொண்ட நாள் அது ஒன்றுதான்.

டீக்கடையில் ரொம்ப நாள் கேட்டார்கள், “என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கடலா, புகையா?” என்று. கேட்டவர்களே பிறகு போர் போட என்னைக் கூப்பிட்டார்கள். புகை என்றால் புகை என்று சொல்லிவிடுகிற ரிக்காரன் ராஜபாளையத்தில் நான் ஒருவன்தான் என்று பெயர் ஆகிவிட்டது. இந்தப் பேச்சையும் நானே கிளப்பியிருக்கலாம். ஆனால் இது உண்மை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஒரு துளை புகையாகப் போனால், உடம்பெல்லாம் கல்தூளோடு நேராக மாடிக்குப் போவேன். தண்ணீர் விழுந்த நாளில் போவதில்லை. அதைக் கொண்டாட ஊரே இருக்கிறது. நான் தோற்றுவந்த செய்தியைக் கேட்டு, கொசுவலையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக வெளியே வருகிற ஆள் வேறு எவன்? “உக்காருங்க அண்ணாச்சி, எத்தனை அடி?” என்பார். டீச்சரம்மா காபி கொண்டுவருவார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜில்லாவையே கலர் கலராக ஒரு நிமிஷத்தில் வரைகிற வெளிநாட்டுச் சரக்கு ஆபீஸுகளுக்கு வந்துவிட்டது. கட்டம் சாருடைய புள்ளியும் நட்சத்திரமும் யாருக்கு வேண்டும்? டீச்சரம்மாவுக்குக் கோயம்புத்தூர் பக்கம் மாற்றல் வந்தது. பெட்டி, கொசுவலை, சுருட்டிய தாள் எல்லாவற்றையும் என் லாரியில்தான் ஏற்றிவிட்டேன். போய் ஒரு கடிதம் போட்டாரா என்றால் இல்லை. அந்த மாதிரி ஆட்களிடம் மரியாதையை எதிர்பார்க்கக்கூடாது.

இப்போது வண்டிகளை என் மகன் பார்க்கிறான். நான் சொல்வதை அச்சடிக்கிற இந்தப் பத்திரிகை கோயம்புத்தூரிலும் கிடைக்கும் என்று சொன்னார்கள். கட்டம் சார், போன வாரம் தேவதானம் பக்கம் ஒன்று போட்டோம். அறுநூற்று இருபது அடி. எழுபதில் பாறை. கடைசிவரை புகை. எழுதிக்கொள்ளுங்கள்.