டிஸ்மிஸ் வக்கீல்

போன வேலையை அதிகம் பேருக்குத் திரும்ப வாங்கிக் கொடுத்தவரும், ஒரே ஆளை அதிகத் தடவை வேலையை விட்டு நீக்கியவரும் சங்கரன்கோவிலில் ஒருவரேதான். ஊரே டிஸ்மிஸ் வக்கீல் என்று கூப்பிட்ட எங்கள் வக்கீல் ஐயா. அந்த ஒரே ஆள் அவருடைய குமாஸ்தாவான நான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆலை, பட்டறை என்று எங்கே தொழிலாளிக்கு வேலை போனாலும் அவரிடம்தான் வருவார்கள். நான் சேர்ந்த நாலாம் நாள் ஒரு தாளை நீட்டினார். என்னை நீக்கிய உத்தரவு, கையெழுத்தோடு.

"ஐயா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒரு தப்பும் இல்ல வே. இப்ப வயித்துக்குள்ள எப்படி இருக்கு? மறைக்காம சொல்லும்."

"கலக்குது ஐயா."

"அப்படிச் சொல்லும்" என்று எழுதத் தொடங்கிவிட்டார். வேலை போனவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால்தான் அவருக்கு மனு வருமாம். கட்சிக்காரனை எந்த முறையில் நீக்கினார்களோ, அதே முறையில் என்னையும் நீக்குவார். மனு முடிந்ததும் வாய்வார்த்தையாகவே வேலை திரும்பக் கிடைக்கும்.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு என் மாமனார் புளியங்குடியிலிருந்து ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்ற நேரம் பார்த்து ஐயா என்னை நீக்கினார். மாமனார் பையை இறக்கவே இல்லை. "மகளைக் கூட்டிட்டுப் போறேன் மாப்ளே, வேலை கிடைச்சதும் எழுதுங்க" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் சாமி சப்பரமே போய்விட்டது.

அப்புறம்தான் மாரியம்மா வழக்கு வந்தது. பருத்தி அரைக்கும் ஆலையில் பக்கத்தில் நின்றவளின் சேலை பெல்ட்டில் சிக்க, மாரியம்மா ஓடிப்போய் மிஷினை நிறுத்தியிருக்கிறாள். உத்தரவில்லாமல் நிறுத்தினாள் என்று அன்றைக்கே வேலை போயிற்று. புருஷன் இல்லாதவள், வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"ஏன் நிப்பாட்டுனேன்னு ஒரு வார்த்தை கேக்கலய்யா" என்று அழுதாள்.

ஐயாவும் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை நீக்கினார். முகத்தைப் பார்த்தார். எழுதினார்.

தொழில் தகராறு விசாரிக்கிற அதிகாரி திருநெல்வேலியிலிருந்து வந்து பயணியர் பங்களாவில் உட்கார்ந்தார். எதிர்க்கட்சி வக்கீலுக்கு உரிய நகல்களை நான்தான் கொடுத்தேன். அவற்றோடு என்னை நீக்கிய உத்தரவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், பாவி.

அந்த வக்கீல் அதைப் படித்தார். எழுந்தார்.

"விசாரணை இல்லாம வேலையை விட்டு நீக்குறது அநியாயம்னு வாதாட வந்திருக்காரே, இவரு தன்னோட குமாஸ்தாவை எப்படி நீக்கியிருக்காரு பாருங்க. ஒரு கேள்வி இல்ல, ஒரு நோட்டீஸ் இல்ல. இதைவிட அநியாயம் உண்டா?"

மாரியம்மா என்னைப் பார்த்தாள். அவள் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன். 'அது ஒத்திகை' என்று ஐயா சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"என் கையெழுத்துதான்" என்றார் ஐயா. "ஒரு வார்த்தை கேக்காமத்தான் நீக்கினேன். வக்கீல் சொல்லுதது சரி, அநியாயம்தான். இப்பவே இவரைத் திரும்ப வேலையில சேத்துக்கிடுதேன். நான் ஒத்துக்கிட்டாச்சு. ஆலை முதலாளி என்ன சொல்லுதாரு?"

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் வக்கீலைப் பார்த்தார். அந்த மனுஷர் பேசின பேச்சை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்? கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

மாரியம்மா ஐயாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் ஐயா ஒரு தாளை நீட்டினார். மறுபடியுமா என்று பயந்துகொண்டே வாங்கினேன். படித்தால், அது வேலை நியமன உத்தரவு. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சட்டம் பேசினவர் எனக்கு அப்படியொன்று தந்ததே கிடையாது. கடைசி வரியில், 'இவரை நீக்கும் அதிகாரம் எனக்கு இல்லை' என்று எழுதியிருந்தார்.

"அந்த வக்கீல் நேத்து உம்ம நீக்குன உத்தரவைப் படிச்சப்பத்தான் வே எனக்கே வயித்தக் கலக்குச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.