தொக்கும் இருபத்திரண்டு ஓவியங்களும்

என் கூச்சம் எந்த அளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிம்ப்ரியில் இறங்க வேண்டிய நான், பேருந்தின் படியை மறித்து நிற்பவரிடம் வழி கேட்கத் தயங்கி நிகடி வரை போய், அங்கிருந்து நடந்து திரும்பியிருக்கிறேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. (நாலாவது முறை மழை, ஷேர் ஆட்டோவில் வந்தேன். அதைச் சேர்க்கவில்லை.)

நான் பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரில் தச்சு வேலை செய்கிறவன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. புதுக் குடியிருப்புகளில் சமையலறை அலமாரிகள் செய்வோம். பல வருடங்களாக ஒரு கான்ட்ராக்டரின் கீழ்தான் வேலை. சொந்தமாக ஒரு சமையலறையை முழுதாக எடுத்துச் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் அதற்கு வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டுமே. நான் இந்தியில் ஒரு வாக்கியத்தைக் கோர்த்து முடிப்பதற்குள் அவர்கள் அலுவலகம் கிளம்பிவிடுவார்கள். அதனால் பேசுவதற்குப் பதில் வரைந்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன். முதலில் வரைந்து காட்டிய சமையல் மேடையைப் பார்த்து ஒருவர், "கட்டில் நல்லா இருக்கு" என்றார்.

என் மகள் காவ்யா ஐடியில் வேலை பார்க்கிறாள். வாகட்டில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். அவள்தான் இணையத்தில் மூன்று ஓவியப் பயிற்சிகளை என் போனில் சேர்த்துக் கொடுத்தாள். மூன்றும் ஆங்கிலம். எனக்குப் புரியாது என்பதால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். திரையில் ஒரு கை மட்டும் வரும், வரையும், போகும். அந்தக் கை என்னிடம் எதுவும் கேட்காது. ஒரு வருடம் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. நான் வரைந்த பெட்டிகள் மட்டும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சாய்ந்துகொண்டே இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் வாகட்டில் குடியிருக்கும் கோயம்புத்தூர் அம்மா ஒருவர், "வரைஞ்சு காட்டுங்ணா. பாத்தாப் புரியோணும். புரிஞ்சுதுன்னா கிச்சன் மொத்தமும் உங்களுக்குத்தானுங்" என்றார். அதே வாரம் காவ்யாவின் போன் வந்தது.

"அப்பா, அந்த மூணு கோர்ஸையும் எடுத்துடுறாங்க. அதுக்குப் பதிலா புதுசா ஒண்ணு வருது. ஹிந்தியில, லைவா."

"பழசே போதும்மா. அந்தக் கை நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது."

"ஒரு வருஷமா உங்க பெட்டி சாய்ஞ்சுட்டேதானப்பா இருக்கு? இதுல மேடம் நீங்க வரையறதப் பாத்துத் திருத்துவாங்க."

"என்னையும் பாப்பாங்களா?"

"பாப்பாங்க. எல்லாருமே பாப்பாங்க."

அந்த "எல்லாருமே"வைக் கேட்டதும் போனோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை. வரைந்ததில் ஒன்றை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சாய்வு குறைவான பெட்டி ஒன்றைத் தேடி அனுப்பினேன். எங்களுடையது ஒரே அறை. நான் உட்காரும் இடத்துக்குப் பின்பக்கம் அடுப்பு. அதில் என் மனைவி செல்வி, காவ்யாவுக்குக் கொடுத்தனுப்பத் தக்காளித் தொக்கு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நல்லெண்ணெய் பத்தல, வாங்கிட்டு வந்துடுறேன். நடுநடுவுல தொக்கக் கிண்டி விடுங்க. கேட்டுச்சா?"

"ம்" என்றேன். (கேட்டது. காதுவரை வந்தது.)

அவள் போனதும் வகுப்பு ஆரம்பித்தது. வகுப்புக்கு ஒருவர் பத்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டுமாம், மற்றவர்கள் அவரை வரைவார்களாம். ஆங்கில எழுத்து வரிசையில் முதல் பெயர் யாருடையது? எனக்கு அய்யனார் என்று பெயர் வைத்த என் அப்பாவை அன்றுதான் முதன்முதலாகக் கோபித்துக்கொண்டேன்.

போனை நாலடி தள்ளி உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தேன். சட்டையைக் கழுத்துவரை பூட்டினேன். கண்ணாடி போட்டால் வரைகிறவர்களுக்குச் சிரமமாக இருக்குமே என்று கழற்றி வைத்தேன். "ஹில்னா மத்" என்றார் மேடம். அசையக்கூடாது. சரி. உடனே யாரோ என் மீசையைப் பற்றி நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தார்கள். என்னைப் பற்றிய பேச்சை நானே கேட்கவா? எழுந்து போய், பழைய வழக்கப்படி சத்தத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்த விதத்தைப் பற்றி என்ன சொல்ல? சுவரில் ஆணி அடித்து மாட்டினால்கூட அப்படி நேராக இருந்திருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரையில் எல்லோரும் பென்சிலை நீட்டி ஆட்ட ஆரம்பித்தது மங்கலாகத் தெரிந்தது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளவெடுப்பார்கள். பழைய பயிற்சியில் அந்தக் கை செய்து காட்டியிருக்கிறது. நம் அளவை எவ்வளவு சிரத்தையாக எடுக்கிறார்கள் என்று உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனேன். மேடம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வீசினார். பெரிய ஓவியர்கள் இரண்டு கையாலும் அளப்பார்கள் போலிருக்கிறது என்று இன்னும் விறைத்தேன்.

கருகல் வாசனை வந்ததும் உண்மைதான். பக்கத்து வீட்டு சுனந்தா அக்கா எதையோ தீய விட்டுவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது. அதையும் துடைக்கவில்லை.

அதற்குள் மேடம் காவ்யாவுக்குப் போன் செய்து, காவ்யா கடையில் நின்ற தன் அம்மாவுக்குப் போன் செய்து, செல்வி எண்ணெயும் கையுமாக ஓடி வந்து கதவைத் தள்ளினாள். அடுப்பை அணைத்தாள், ஈரத்துணியைச் சட்டி மேல் போட்டாள், கையில் கரண்டியோடு திரும்பினாள்.

"வீடு பூராப் பொகை. நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

நான் உதடு அசையாமல் சொன்னேன்: "அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வகுப்பில் இரண்டு பேருக்குத் தெரியுமாம். மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

போனை அணைத்தேன். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன். மாலையில் ஆறுதலுக்காக என் பழைய கையைத் தேடினேன். மூன்று பயிற்சிகளும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளைத் திரைதான். ஒளிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே இடமும் போய்விட்டது. கோயம்புத்தூர் அம்மாவின் சமையலறைக்காக எடுத்து வைத்திருந்த தாளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

அப்போது போனில் வகுப்புக் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. இருபத்திரண்டு. ஒன்றில் என் தலைக்குப் பின்னால் மேகம். ஒன்றில் சாமி படத்தில் இருப்பது மாதிரி புகை வட்டம். ஒருவர் செல்வியின் கரண்டியைக்கூட விடவில்லை. கடைசியாக மேடத்தின் குரல் பதிவு வந்தது. இத்தனை வருடத்தில் இப்படி அசையாமல் இருந்தவரைப் பார்த்ததில்லை என்றார். பிறகு, "அய்யனார்ஜி, உங்கள் பெட்டி ஏன் சாய்கிறது தெரியுமா? முதலில் உங்கள் கண் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். பின்னால் போகிற கோடுகள் எல்லாம் அதில் ஒரே புள்ளியில் போய்ச் சேரட்டும்" என்றார்.

கோடு போட்டேன். ஒரு வருடமாகச் சாய்ந்துகொண்டிருந்த பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. செல்விகூட எட்டிப் பார்த்து, "பெட்டிதான்" என்று ஒத்துக்கொண்டாள். இதை அந்தப் பழைய கையும் சொல்லித்தான் இருக்கும். நான்தான் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேனே.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன், சத்தத்தோடு. இரண்டு மாதம் கழித்து வாகட் சமையலறையை வரைந்து கொண்டுபோய் நீட்டினேன்.

"இது அப்படியே எங்க கிச்சனுங். அடுப்ப மட்டும் ஏனுங்ணா ஹாலப் பாத்தாப்பல வெச்சிருக்கீங்க?"

"யாரு எங்க உக்காந்திருந்தாலும் அடுப்பு கண்ணுல படணுங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தச் சமையலறை எனக்கே கிடைத்தது.

வீட்டில் மட்டும் நான் இன்னும் தேறவில்லை. செல்வி கடைக்குப் போனால் வாகட்டிலிருந்து காவ்யாவின் போன் வந்துவிடும்: "அப்பா, அசையுங்க." போன வாரம் பேருந்தில் பிம்ப்ரி வந்தது. படியை மறித்து ஒருவர் நின்றார். நான் வழக்கம்போல நிகடிக்குத் தயாரானேன். பின்னாலிருந்து செல்வி என் முதுகில் விரலால் குத்தினாள்.

"பத்து நிமிஷம் ஆச்சு. அசையுங்க."

முன்னால் நின்றவரிடம், "பாவூ, கொஞ்சம் வழி" என்று மராத்தியும் தமிழும் கலந்து சொன்னேன். அவர் நகர்ந்தார். பிம்ப்ரியிலேயே இறங்கினோம்.